லேசான துவக்கு

போன மாதம் கிளேர் என் கைபேசிக்கு ஒரு படிவம் அனுப்பினார். நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த துவக்குக் கடையை, அதாவது துப்பாக்கிக் கடையை, இப்போது நடத்துபவர் அவர். என் பழைய முதலாளி மிஸ்டர் பெல்லின் தம்பி மகள், ஐம்பது வயதைத் தாண்டியவர். கடையில் இனிக் காகித அட்டை கிடையாதாம். துவக்கு வாங்க வருபவர் அதைத் தோளில் வைத்துப் பார்த்தபின் நிரப்பும் படிவம் எல்லாம் கைபேசியிலேயே இருக்குமாம். எட்டு மொழிகளில் வருகிறது, தமிழை மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பஸ்ஸுக்கு நின்றபடி அதைத் திறந்தேன். முதல் கேள்வி: “துப்பாக்கி உங்களுக்கு லேசாக இருக்கிறதா?”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

இதே கேள்வியை நானும் ஒருமுறை ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். கடையில் இருந்த இருபத்தாறு வருடத்தில் அட்டையை நிரப்பத் தமிழில் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்றும் சொல்லலாம். அன்றைய கதையைக் கிளேருக்கு ஆங்கிலத்தில் பாதிதான் சொல்ல முடியும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வல்வெட்டித்துறையில் இருந்து கொழும்பு, அங்கிருந்து கப்பல், கிரேக்கத்தில் தோடம்பழம் பிடுங்கினது, ஹம்பேர்க்கில் கோப்பை கழுவினது, நோர்வேயில் மீன் வெட்டினது என்று ஒன்பது வருடம் போனது. எந்த இடத்திலும் இரண்டு குளிர்காலம் தங்கியதில்லை. நோர்வேயில் இடது கைச் சின்னவிரலின் நுனி போனது. லண்டனுக்கு வந்து குரோய்டனில் அகதிப் பதிவு வரிசையில் நின்றேன். ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று அதிகாரி கேட்டார். துவக்குக்குப் பயந்து என்றேன். நாலு வருடம் கழித்துத் துவக்குக் கடையில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வேலையில் மட்டும்தான் இரண்டாவது குளிர்காலமும் நின்றேன்.

கடை ஹமர்ஸ்மித்தில், ஒடுங்கிய மூன்று மாடிக் கட்டடம். கீழே விற்பனை, நடுவில் பட்டறை, மேலே பூட்டிய அறை. கூட்டித் துடைத்தவன் குழல் துடைத்தேன். பிறகு துவக்குகளின் மரக் கட்டைகளுக்கு எண்ணெய் பூசினேன். ஆறு வருடம் போனபின் மிஸ்டர் பெல் தன் பக்கத்தில் நிற்க விட்டார்.

அவர் உயரமானவர், மெதுவாகப் பேசுபவர். ஒரு வாடிக்கையாளரிடமும் ‘இது உங்களுக்குச் சரிவராது’ என்று சொன்னதைக் கேட்டதில்லை. ‘இன்னொருமுறை படி ஏறிப் பார்ப்போமா?’ என்பார். அதுதான் அவருடைய ‘இல்லை’. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சட்டையின் கீழ்நுனியால் ஒன்று, பிறகு மற்றது. அவர் துடைத்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டோம்.

எல்க் வேட்டைக்கு அமெரிக்க மலைகளுக்குப் போகிறவர்கள் வருடத்தில் ஏழெட்டுப் பேராவது வருவார்கள். எல்க் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கும் பெரிய மான். அது நிற்கும் இடம் பத்தாயிரம் அடி உயரம். அங்கே மூச்சு வாங்குமாம், தோளில் கிடக்கும் ஒவ்வொரு இறாத்தலும், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரம், பகலுக்குள் இரண்டாகுமாம். அதனால் எல்லோரும் லேசான துவக்கே கேட்பார்கள். மிருகம் பெரியது என்பதால் பலமான தோட்டாவும் கேட்பார்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. தோட்டா பின்னால் உதைக்கும். அந்த உதையைத் துவக்கின் பாரம் பாதி விழுங்கும். பாரம் இல்லாவிட்டால் மீதி முழுவதும் ஆளின் தோளுக்கும் முகத்துக்கும்தான் வரும்.

மிஸ்டர் பெல் ஒரு தோல்பையில் இருபது இறாத்தல் ஈயம் போட்டு வைத்திருந்தார். வருபவர் அதை முதுகில் மாட்டி, ஒன்பது இறாத்தல் துவக்கைத் தோளில் போட்டு மூன்று மாடியும் ஏறி இறங்கவேண்டும். பிறகு ஆறரை இறாத்தல் துவக்கோடு அதே ஏற்றம். மேலே போய் நின்றதும் சுவரில் உள்ள ஒரு புள்ளியைக் குறிபார்க்கச் சொல்வார். குழல் நுனி எவ்வளவு ஆடுகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். பெரும்பாலானவர்கள் ஏழு இறாத்தலுக்குச் சம்மதிப்பார்கள். தோட்டாவின் பலத்திலும் இறங்கி வருவார்கள். முந்நூற்றெட்டு என்ற நடுத்தரத் தோட்டா எல்க்குக்குத் தாராளம் என்பது அவருடைய கணிப்பு. முந்நூறு மக்னம் என்று ஒன்று இருக்கிறது. பெயரில் உள்ள எண் குறைவு, ஆனால் வெடிமருந்து அதிகம், உதை மிக அதிகம். ஏழு இறாத்தலுக்குக் கீழே மக்னம் விற்பதில்லை என்பது கடை வழக்கம்.

கடைசியில் அட்டை. உள்ளங்கை அளவுதான். அதில் நாலு கட்டம்: நின்று, உட்கார்ந்து, முழங்காலில், மேட்டை நோக்கிப் படுத்து. நகருக்கு வெளியே உள்ள சுடுகளத்தில் நாலு விதமாகவும் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் துவக்கின் மேல் பூட்டியிருக்கும் ஸ்கோப் என்ற தூரநோக்கியின் பின் வளையத்துக்கும் ஆளின் புருவத்துக்கும் இடையில் விரல் வைத்து அளப்பார். மூன்று விரல் போகவேண்டும், இல்லாவிட்டால் உதையில் வளையம் வந்து புருவத்தில் அடிக்கும். போனால் சரி அடையாளம் போடலாம்.

டாக்டர் அருள்மொழி ஒரு ஓகஸ்ட் மாதம் வந்தார். தென்காசிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள். வெட்டுப்பட்ட விரல்களை ஒட்டவைக்கும் அறுவை மருத்துவர். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மயிரைவிட மெல்லிய நூலால் நரம்பு தைப்பவர். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர்களோடு ஸ்கொட்லாந்தில் இரண்டு வருடம் மான் சுட்டிருக்கிறார். இப்போது அமெரிக்காவில் இருக்கும் பழைய தோழி எல்க் வேட்டைக்கு அழைத்திருந்தார். அங்கே மலை ஏறும் எல்லோரும் முந்நூறு மக்னம்தான் வைத்திருப்பார்கள் என்று தோழி சொல்ல, அதற்கே பொலிஸில் அனுமதியும் எடுத்திருந்தார். அனுமதிப் பத்திரத்தில் எழுதிய தோட்டா அளவைத் தவிர வேறு அளவை நாங்கள் விற்க ஏலாது.

என் பெயர்ப் பட்டியைப் பார்த்தார்.

“தமிழா நீங்க?”

“ஓம்.”

“ஓம்னு சொன்னா பூஜை ஆரம்பிக்கப் போற மாதிரியே இருக்கு அண்ணே.”

“தொடங்கலாம் டொக்டர். பிரசாதம் மட்டும் இல்லை.”

அவர் சிரித்தார். எல்க்குக்குத் தமிழில் என்ன என்று கேட்டார்.

“எங்கட நாட்டிலை வெள்ளைக்காரன் மரையைத்தான் எல்க் எண்டவன். இது அதைவிடப் பெரிசு.”

“மரையா? எங்க ஊர்ல மரைன்னா போல்ட்ல இருக்கிற சுத்து. மரை கழண்டவன்னு திட்டுவாங்க.”

“அப்ப நீங்கள் மரையை என்னெண்டுவியள்?”

“மிளா.”

“அது எனக்கு மிளகாய் மாதிரிக் கேக்குது.”

இப்படி ஒரு மணித்தியாலம் போனது. அவர் துப்பாக்கி என்றார், நான் துவக்கு என்றேன். அவர் எடை என்றார், நான் பாரம் என்றேன். வித்தியாசமாகக் கேட்ட ஒவ்வொரு சொல்லிலும் நின்று சிரித்தோம். ஒரேமாதிரிக் கேட்ட சொல்லில் இருவரும் நிற்கவில்லை.

படி ஏறினார். ஒன்பது இறாத்தலோடு இரண்டாவது மாடியிலேயே சுவரைப் பிடித்தார். ஆறரையோடு மூன்று மாடியும் ஏறி, மேலே நின்று குறிபார்த்தபோது குழல் நுனி அசையவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வேலை செய்யும் கை. எனக்குப் பெருமையாக இருந்தது, என் வீட்டு ஆள் போல.

மிஸ்டர் பெல் இரண்டு வழி சொன்னார். முந்நூற்றெட்டுக்கு அனுமதியை மாற்றிக்கொண்டு லேசான துவக்கை எடுக்கலாம், அல்லது மக்னத்தோடு எட்டு இறாத்தல் சுமக்கலாம். அனுமதியை மாற்றப் பல வாரம் எடுக்கும், பயணத்துக்கோ ஆறு வாரம்தான் இருந்தது. எட்டு இறாத்தலோடு மலை ஏற ஏலாது என்று டாக்டர் சொன்னார். ‘சுடுகளத்தில் பார்ப்போம்’ என்றார் மிஸ்டர் பெல். ஆறரை இறாத்தல் துவக்கும் மக்னமும் சேர்ந்தால் அவர் கையால் போகாது என்று எனக்குத் தெரியும். நாலாவது கட்டத்தில் மறித்துவிடுவார்.

குறித்த நாளுக்கு முதல் நாள் மிஸ்டர் பெல்லின் அக்கா இறந்துபோனார். ‘நீயே கூட்டிக்கொண்டு போ. அட்டையில் உள்ளதைச் செய். சந்தேகம் வந்தால் விற்காதே’ என்று போனில் சொன்னார். முதன்முறையாக அட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

சுடுகளத்தில் மழை. டாக்டருக்கு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. கூரைக்குக் கீழே நின்று சுட்டார், மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சுட்டார், முழங்காலில் சுட்டார். அவர் தோளில் தடித்த பஞ்சுத் திண்டு கட்டியிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஆள் அரை அடி பின்னால் போய் வந்தார். ஆனால் முகம் சுளிக்கவில்லை. விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று நிலையிலும் மூன்று விரல் தாராளமாகப் போனது.

நாலாவதுக்கு மண்மேட்டில் படுக்கவேண்டும். மேடு சேறாகக் கிடந்தது. அவர் துவக்கை வாரில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறது: உதை எங்கே வலிக்கிறது, விரலால் தொட்டுக் காட்டுங்கள். அதை அப்படியே வாசித்திருக்கலாம். நான் என் பாட்டில் தமிழில் கேட்டேன்.

“எப்பிடி டொக்டர், லேசோ?”

அவர் தோளை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

“ரொம்ப லேசு அண்ணே.”

எங்கள் ஊரில் லேசு என்றால் முதலில் சுலபம். சோதினை லேசு என்போம், வேலை லேசு என்போம். அடிக்கிற அடியைத் தாங்குவது உங்களுக்குச் சுலபமா என்று நான் கேட்டேன். சுலபம் என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். மூன்று நிலையில் சுலபமாகத் தாங்கியவர் நாலாவதிலும் தாங்குவார் என்று நினைத்தேன். அட்டையை எடுத்து நாலாவது கட்டத்தில் சரி போட்டேன். பேனை நனைந்து மை கொஞ்சம் பரவியது. அது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த நாள் மிஸ்டர் பெல் அட்டையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “நாலுமா?” என்றார். ஓம் என்றேன். தன் வழக்கத்தை மீறிக் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பித்தான் போட்டார்.

நவம்பரில் டாக்டர் வந்தார். துவக்குப் பெட்டியை மேசையில் வைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். “எல்க் விழுந்ததோ?” என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

வலது புருவத்தில் ஒரு அரைவட்டம். கத்தியால் கீறியது போலில்லை, அச்சுக் குத்தியது போல. புருவத்தை இரண்டாகப் பிரித்து மூக்கு வேர்வரை இறங்கியிருந்தது. அந்த அளவு எனக்குத் தெரியும். அந்த ஸ்கோப்பின் பின் வளையத்தை என் கையால் பூட்டினவன் நான். விரல் நுனி இல்லாத இடம் விறைத்தது.

“மான் ஓடிப்போச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகல,” என்றார் டாக்டர்.

மலைச் சரிவில் படுத்து, மேலே நின்ற மிருகத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். ஒரே வெடிதான். புருவம் கிழிந்தது பெரிய விஷயமில்லை, பதினொரு தையல். அந்த அடியில் கண்ணுக்குள் விழித்திரை ஓரம் கிழிந்துவிட்டது. இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை தொங்குகிறது என்றார்.

“மைக்ரோஸ்கோப்புக்கு ரெண்டு கண்ணும் வேணும் அண்ணே. ஆழம் தெரியணும். ஆறு மாசம் பாத்துட்டு சொல்றோம்னு சொல்லியிருக்காங்க.”

“நீங்கள் லேசு எண்டியளே,” என்றேன். முதலில் வந்த வார்த்தை அதுதான். இன்றும் வெட்கப்படுகிறேன்.

“ஆமா, லேசாத்தானே இருந்துச்சு. தோள்ல கெடக்கறதே தெரியல.”

“தோளிலையோ? நான் கேட்டது உதையை.”

“நீங்க எடையத்தானே கேட்டீங்க?”

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் இருந்தார்.

“உதை பத்திக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே,” என்றார். “பல்லெல்லாம் ஆடிப்போச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலையா, இதெல்லாம் சாதாரணம்போலன்னு நெனச்சேன்.”

மிஸ்டர் பெல் பட்டறையில் இருந்து இறங்கி வந்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்தார். இழுப்பறையில் இருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் குனிந்து வாசித்தார்.

“இது என்ன, நாலாவது? படுத்துச் சுடறது? நாம அத செய்யலையே,” என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

மிஸ்டர் பெல்லுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அவர் எங்கள் இருவரின் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழில் என்ன சொன்னாலும் எங்கள் இருவருக்குள்ளேயே கிடக்கும். சொல் மாறிப்போச்சு, இரண்டு ஊர்ப் பேச்சு, யாருடைய பிழையும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் எந்த ஊர்ப் பேச்சும் பேனையைப் பிடித்துச் சரி போடவில்லை.

“அந்தச் சரி பொய்,” என்று மிஸ்டர் பெல்லிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். “அவர் படுக்கவில்லை. நான் போட்டது.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்தார், தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்தார், படிக்கட்டைக் காட்டினார். “படு,” என்றார்.

படியில் குப்புறப் படுத்து மேல் மாடியைக் குறிபார்த்தேன். உடம்பு சரிந்ததும் கழுத்து தானாக முன்னால் ஊர்ந்தது. மிஸ்டர் பெல் என் பக்கத்தில் முழங்காலிட்டு வளையத்துக்கும் என் புருவத்துக்கும் நடுவில் விரல் வைத்தார். மூன்று போகவில்லை. இரண்டு போகவில்லை. ஒன்றும் போகவில்லை. அவருடைய நகம் என் புருவத்தில் இடித்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சேறு தேவையில்லை, மழை விடத் தேவையில்லை, ஒரு தோட்டாகூடத் தேவையில்லை. டாக்டர் மூச்சுவாங்க ஏறி இறங்கிய அதே படி.

டாக்டர் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். என்னை அவர் திட்டவில்லை. எழுந்து கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இவ்வளவுதானா?” என்று மட்டும் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

மிஸ்டர் பெல் காப்புறுதிக்காரருக்குத் தானே கடிதம் எழுதினார். பிழை கடையுடையது என்று எழுதினார், என் பெயரை எழுதவில்லை. என்னை வேலையை விட்டு நிற்பாட்டவும் இல்லை. ஒன்றரை வருடம் நான் அட்டையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். திரும்பவும் குழல் துடைத்தேன். வேறு ஊராக இருந்தால் அந்தக் கிழமையே பெட்டியைத் தூக்கியிருப்பேன். அப்படி எத்தனையோ இடத்தில் தூக்கியவன். இந்த முறை தூக்க முடியவில்லை. போனால் அந்த அட்டையும் கூடவே வரும் என்று தெரிந்தது.

ஆறு மாதம் போனது. டாக்டரின் கண்ணில் திரை விலகவில்லை. அவர் திரும்ப மைக்ரோஸ்கோப்பில் இருக்கவில்லை. இப்போது உடைந்த எலும்புகள் பொருத்துகிறார், விரல் தைப்பதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இதை அவரே வந்து சொன்னார், இரண்டு வருடம் கழித்து, முந்நூற்றெட்டுக்கு அனுமதியோடு. இனி இடது கண்ணால் சுடப்போவதாகச் சொன்னார். மிஸ்டர் பெல் ஏழரை இறாத்தல் துவக்கு ஒன்றை எடுத்துவந்து, என்னிடம் அட்டையைக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். டாக்டர் தானாகவே படியில் படுத்தார்.

“என்ன அண்ணே, லேசான்னு கேக்க மாட்டீங்களா?”

“கேக்கமாட்டன் டொக்டர்.”

விரல் வைத்தேன். மூன்று போனது. இன்னொருமுறை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மிஸ்டர் பெல் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. நான் ஓய்வுபெற்று மூன்று வருடம். இதெல்லாம் அந்த பஸ் நிறுத்தத்தில் நின்றபடி எனக்குள் ஓடியது. பிறகுதான் படிவத்தின் மீதியைப் பார்த்தேன். கீழே நாலு கட்டம் இருந்தன, அதே நாலு. ஆனால் நாலிலும் பச்சை நிறத்தில் சரி ஏற்கனவே விழுந்திருந்தது. ஒருவரும் இன்னும் எதையும் தொடவில்லை. நான் திறக்கும்போதே அப்படித்தான் இருந்தது.

கிளேரை அழைத்தேன். “நேரம் மிச்சம் பிடிக்க,” என்றார். “யாராவது செய்யாவிட்டால் அந்தச் சரியை எடுத்துவிடலாம்தானே. தமிழ் சரியா?”

“தமிழ் பிறகு,” என்றேன். “நான் வருகிறேன்.”

பார்க்கிங்கில் ரயில் ஏறி ஹமர்ஸ்மித்தில் இறங்கினேன். கடையில் வெளிச்சம் கூடியிருந்தது, படி அப்படியேதான் இருந்தது. ஆறரை இறாத்தல் துவக்கு ஒன்றை எடுத்து, தோட்டா இல்லை என்று கிளேரையே பார்க்கச் சொன்னேன். இருமுறை பார்த்தார். பிறகு படுக்கச் சொன்னேன். நல்ல கோட்டு போட்டிருந்தார், ஒருகணம் என்னைப் பார்த்தார், கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்தார்.

“மேல் மாடியைப் பாருங்கள். இனி உங்கள் விரலை எடுத்து வளையத்துக்கும் புருவத்துக்கும் நடுவில் வையுங்கள்.”

வைக்கப் பார்த்தார். நகம் புருவத்தில் இடித்தது.

படியில் படுத்தபடியே மற்றக் கையால் கைபேசியை எடுத்து, நாலு பச்சை அடையாளத்தையும் ஒவ்வொன்றாக அழித்தார்.